வண்டியில எல்லாம் இருந்துச்சு

ஏறுங்க சார், ஏறுங்க. இன்னைக்குப் பஸ் வராது. கீழ எங்கயோ மண்ணு சரிஞ்சிருக்காம், சின்ன வண்டி மட்டும்தான் விடுறாங்க. வத்தலக்குண்டுதானே? நானும் அங்கதான். பின்னாடி கேரட்டு மூட்டை இருக்கு, மெதுவாத்தான் போவேன், பரவாயில்லையா? பையை மடியில வச்சுக்கங்க. கதவை இன்னொருவாட்டி இழுத்துச் சாத்துங்க. ஓங்கி. ஆங், அவ்வளவுதான்.

மழையைப் பார்த்துப் பயப்படுறீங்க போல. இந்த வண்டியில உக்காந்துட்டுப் பயப்படக் கூடாது சார். ஏறும்போது பார்த்திருப்பீங்க, கேபினை ஒட்டி ஒரு இரும்புப் பெட்டி இருக்குமே. அதுக்குள்ள என்ன இருக்குன்னு கேளுங்க. ஜாக்கி ரெண்டு இருக்கு, ஒண்ணு லாரி தூக்குற ஜாக்கி. கடப்பாரை, மண்வெட்டி, மரம் அறுக்கிற ரம்பம், கோடாலி. வண்டியை இழுக்கிற கம்பிக் கயிறு, கொக்கியோட. சக்கரத்துக்கு அடை கொடுக்கிற கட்டை. தீ அணைக்கிற சிலிண்டர். கம்பளி, டார்ச், மருந்துப் பெட்டி, அதுல கட்டுத் துணியில இருந்து தீக்காயத்துக்குப் போடுற களிம்பு வரைக்கும். ஆளைப் படுக்க வச்சுத் தூக்குறதுக்குக் கைப்பிடி வச்சுத் தச்ச கித்தான் கூட இருக்கு. அது நானே சொல்லித் தைக்கச் சொன்னது. இந்த மலையில ஓடுற பிக்கப்புல இத்தனையும் வேற எவன்கிட்டயாவது இருக்கான்னு போய்க் கேளுங்க. சூசைமாணிக்கம் வண்டின்னா ஆம்புலன்ஸ்தான்னு சொல்வாங்க.

கேலியாத்தான் சொல்வாங்க. சொல்லட்டும். வண்டி குடை சாஞ்சா என்னைத்தான் கூப்பிடுறான்.

எனக்கு இந்தப் பழக்கம் சும்மா வரலை சார். மூத்தது ஒரு பொண்ணு இருந்துச்சு எங்களுக்கு. ரெஜினான்னு பேரு. பள்ளிக்கூடம் சேர்க்கிற வயசு. காய்ச்சல் ஏறி, வலிப்பு வெட்டு வந்து, கண்ணு மேல சொருகிருச்சு. பழைய வண்டி அப்போ. பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு என் வீட்டுக்காரி சௌந்தரி இதோ நீங்க உக்காந்திருக்கிற பக்கம் உக்காந்திருந்தா. ஊத்துன்னு ஊரு இருக்குல்ல, அதுக்கு மேல டயரு வெடிச்சது. ஸ்டெப்னி இருக்கு. இறங்கி சீட்டுக்கு அடியில கையை விட்டா ஜாக்கியைக் காணோம். சந்தையில மூட்டை இறக்கும்போது எவனோ எடுத்துட்டான். கதவைப் பூட்டாம விட்டிருந்தேன், அதான்.

கையைக் காட்டினோம். நிறுத்தினவன்கிட்ட ஜாக்கி இல்ல. கார்ல போனவன் நிறுத்தலை. அப்புறம் ஒரு ஜீப்புக்காரர் ஏத்திக்கிட்டாரு. ஏத்தும்போதே சௌந்தரி ஒண்ணும் பேசலை. நான்தான் பேசிக்கிட்டே வந்தேன், இதோ வந்துருச்சு, இதோ வந்துருச்சுன்னு. ஆஸ்பத்திரி வாசல்லதான் அவ சொன்னா, ஜீப்புல ஏறும்போதே போயிருச்சுங்கன்னு.

ஒரு ஜாக்கி சார். ஒரு களவாணிப் பயல்.

அன்னையில இருந்து சேர்க்க ஆரம்பிச்சேன். ஒவ்வொண்ணா. சௌந்தரிக்கும் அப்போ சந்தோஷம்தான். கம்பளி அவதான் கொடுத்தா. ஆனா சேர்த்தா மட்டும் போதுமா? சேர்க்கிறது ஒரு பங்கு, காப்பாத்துறது ஒன்பது பங்கு. அதனால வத்தலக்குண்டுல ஒரு பட்டறைக்காரனைப் பிடிச்சு, கனமான பிளேட்டுல பெட்டி செஞ்சு, சேஸிஸோட வெல்டு வச்சேன். பூட்டு வெளிய தொங்காது. உள்ளடங்கி இருக்கும், சுத்தி ஒரு இரும்புக் கூடு. சாவி நுழையும், வேற ஒண்ணும் நுழையாது. சுத்தியல் படாது, கம்பி விட்டு நெம்ப முடியாது. அந்தப் பட்டறைக்காரனே கேட்டான், அண்ணே, இதுக்குள்ள என்ன நகையா வைக்கப் போறீங்கன்னு. நகையை விட மேலடான்னேன்.

சாவி ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு சாவி இருந்தா அது பூட்டே இல்ல சார். பூட்டோட வந்த இன்னொரு சாவியை அவன் கண்ணு முன்னாலயே அடுப்புல போடச் சொன்னேன்.

கண்ணாடியை ஏத்திக்கங்க, சாரல் அடிக்குது.

நான் யாருக்கும் உதவி செய்யாதவன்னு நினைச்சுடாதீங்க. எத்தனை வண்டியை இழுத்து விட்டிருக்கேன் தெரியுமா? கல்யாண வேன் ஒண்ணு ஒத்தைச் சக்கரம் பள்ளத்துல தொங்கிக்கிட்டு நின்னுச்சு. பொம்பளைங்க எல்லாம் கத்துறாங்க. நான்தான் கம்பிக் கயிறு மாட்டி இழுத்தேன். பைசா வாங்கலை. ஆனா ஒண்ணு, சாமானை நான்தான் எடுத்துக் கொடுப்பேன், நான்தான் திரும்ப வாங்கித் துடைச்சு வைப்பேன். அடுத்தவன் கையில விட்டா திரும்பி வராது. அனுபவிச்சவன் சொல்றேன்.

சௌந்தரிக்கு ஒரு தம்பி. பெனடிக்ட். பெனின்னு கூப்பிடுவோம். நல்ல பையன், குத்தம் சொல்ல முடியாது. கல்யாணம் ஆகலை. முப்பதைத் தொட்டிருப்பான். என்கூடத்தான் வண்டியில வருவான், மூட்டை ஏத்துவான், கீழ இறங்கினதும் அவன் ஓட்டுவான். மாமா மாமான்னு சுத்திச் சுத்தி வருவான். என் முன்னாடி உக்கார மாட்டான், அப்படி ஒரு மரியாதை. பயம்னு சௌந்தரி சொல்லுவா. மரியாதைதான் சார் அது. இவங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

ஒருவாட்டி பெட்டியில இருந்து ஒரு ஸ்பேனர் எடுத்து அவன் கையில கொடுத்தேன், அவனுக்குத் தெரிஞ்ச யாரோ ஒருத்தன் வண்டிக்கு. எங்கயோ போட்டுட்டு வந்து நிக்கிறான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல, எல்லாரும் நிக்கும்போது கேட்டேன். கேட்க மாட்டாங்களா? உன் அக்கா பிள்ளை எப்படிச் செத்துச்சுன்னு உனக்குத் தெரியாதாடான்னு கேட்டேன். ஒரு அறை விட்டேன். ஒண்ணுதான். அவன் அழுதுட்டே நாள் முழுக்க மார்க்கெட்டுல தேடினான். கிடைக்கலை. அதுக்கப்புறம் பெட்டிப் பக்கமே வர மாட்டான். பெட்டி மேல சாய்ஞ்சு கூட உக்கார மாட்டான். திருந்திட்டான்னு நினைச்சேன்.

போன ஐப்பசி. மழை விடாம ஊத்துது. எனக்கு டைபாய்டு காய்ச்சல், எந்திரிச்சு நிக்க முடியலை. வீட்டுல கேரட்டு வெட்டி மூட்டை போட்டாச்சு, வச்சா அழுகிடும். பெனி சொன்னான், நான் கொண்டுபோய் இறக்கிட்டு வந்துடறேன் மாமான்னு. சரின்னு வண்டிச் சாவியைக் கொடுத்தேன். பெட்டிச் சாவி என் அரைஞாண் கயித்துல இருந்துச்சு. சௌந்தரி கேட்டா, அதையும் கொடுத்து அனுப்புங்களேன், மழை நேரம்னு. நான் சொன்னேன், பஞ்சர் ஆனா போன் பண்ணட்டும், எவன்கிட்டயாவது சாவியைக் கொடுத்து விடுறேன்னு. பெனியே சொன்னான், வேணாம்க்கா, அது மாமாகிட்டயே இருக்கட்டும்னு. அவனே சொன்னான் சார். நான் சொல்லலை.

காலையில போனவன் மத்தியானம் திரும்பி வந்துட்டு இருக்கான். நான் கட்டில்ல கிடக்கேன். போன் அடிச்சது.

"மாமா, மரம் விழுந்துருச்சு."

"வண்டி மேலயா?"

"இல்ல மாமா. வண்டிக்கு ஒண்ணும் ஆகலை."

"லோடு?"

"எல்லாம் இறக்கியாச்சு மாமா. காலி வண்டிதான்."

"அப்புறம் என்னடா?"

"மாமா, பெட்டியைத் திறக்கணும். பூட்டை உடைச்சுக்கட்டுமா?"

எனக்குக் காய்ச்சல், தலை வெடிக்குது. "ரோட்டுல மரம் கிடந்தா ஹைவேஸ்காரன் வந்து அறுத்துட்டுப் போவான். உனக்கு என்ன வந்துச்சு? பூட்டுல எவனாவது கை வச்சான், நடக்கறதே வேற"ன்னேன்.

"சரி மாமா"ன்னான்.

வச்சுட்டான். இவ்வளவுதான் சார் பேச்சு. நீங்களே சொல்லுங்க. நான் கேட்டேன்ல? வண்டிக்கு என்னன்னு கேட்டேன், லோடுக்கு என்னன்னு கேட்டேன், எல்லாம் கேட்டேன்ல? என் மேல விழுந்து கிடக்கு மாமான்னு ஒரு வார்த்தை சொன்னானா? ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேனா? நான் என்ன மிருகமா?

ஆமா சார். அவன் மேலதான். நல்ல பருமனான தைல மரம். ரோட்டுல கல்லு உருண்டு கிடக்குன்னு வண்டியை நிறுத்திட்டு இறங்கித் தள்ளப் போயிருக்கான். அப்போ மேட்டுல இருந்து மண்ணோட மரம் வந்துருச்சு. இடுப்புல இருந்து கீழ மரத்துக்கு அடியில. மேல் உடம்பு வெளிய. நினைவு நல்லா இருக்கு, பேசுறான். பின்னாடி வந்த பஸ்ஸு நின்னுருச்சு. பஸ்ஸுல ஜாக்கி இல்லையாம், ஆளுங்க எல்லாம் இறங்கித் தூக்கிப் பார்த்திருக்காங்க. அசையலை. அவன்தான் சொல்லியிருக்கான், அந்தப் பெட்டியில எல்லாம் இருக்குன்னு. கண்டக்டர் உடனே கல்லை எடுத்துட்டுப் போனாராம். இவன் கத்தினானாம், இருங்க, மாமாவைக் கேட்டுக்கறேன்னு.

கேட்டான். நான் சொன்னதை அப்படியே அவங்ககிட்ட சொல்லியிருக்கான். மாமா வேணாம்னுட்டாரு, வேற எதாவது பண்ணிப் பாருங்கன்னு.

மூட்டை கட்டுற கயிறு வண்டியில வெளிய கிடந்துச்சு. அதை மரத்துல கட்டி, மறு முனையை பஸ்ஸுல கட்டி இழுத்திருக்காங்க. அது கேரட்டு மூட்டை கட்டுற நைலான் கயிறு சார், மரம் இழுக்கிறதா அது? மரம் கொஞ்சம் எழும்பியிருக்கு. எழும்பினதும் கயிறு அறுந்துருச்சு. எழும்பின மரம் திரும்ப அவன் மேலயே உக்காந்துச்சு. என் கம்பிக் கயிறா இருந்தா அறுந்திருக்குமா? லாரியை இழுத்த கயிறு அது.

அதுக்கப்புறம்தான் கண்டக்டர் அவன் கையில இருந்து போனைப் பிடுங்கி எனக்குப் போட்டாரு. "நீதான் மாமாவா? உன் மச்சினன் மரத்துக்கு அடியில கிடக்கான்யா. சாவியை எடுத்துட்டு வா"ன்னாரு. மரியாதை இல்லாமத்தான் பேசினாரு. நான் அதைப் பெருசா எடுத்துக்கலை.

கஞ்சி கொண்டு வந்த சௌந்தரி என் மூஞ்சியைப் பார்த்துட்டு அப்படியே நின்னா. சொன்னேன். தட்டைக் கீழ வைக்கலை, கையிலயே வச்சிருந்தா. "போங்க"ன்னா. அது மட்டும்தான் சொன்னா.

பக்கத்து வீட்டுக்காரன் பைக்குல ஏறி உக்காந்தேன். காய்ச்சல்ல உடம்பு நடுங்குது, மழை ஊசி மாதிரி குத்துது, அவன் முதுகுல சாஞ்சுக்கிட்டே போனேன். பாதி வழியில ரோட்டை மறிச்சு மண்ணு. பைக்கு போகாது. இறங்கி அந்தச் சேத்துல ஏறி, அந்தப் பக்கம் சறுக்கி விழுந்து, நடந்தும் ஓடியும் போனேன். எத்தனை தடவை விழுந்தேன்னு எனக்கே தெரியாது. தீயணைப்புக்காரங்களையும் கூப்பிட்டிருக்காங்க, அவங்க கீழப் பக்கம் இன்னொரு சரிவுல மாட்டிக்கிட்டாங்க. வந்து சேர்ந்தது நான் மட்டும்தான். இதை யாரும் சொல்ல மாட்டாங்க சார். சூசைமாணிக்கம் டைபாய்டோட ஓடி வந்தான்னு ஒருத்தன் வாயில இருந்து வராது.

போய்ப் பார்த்தா பெட்டியைச் சுத்தி ஆளுங்க. கல்லாலயும் வீல் ஸ்பேனராலயும் அடி அடின்னு அடிச்சிருக்காங்க. பிளேட்டு எல்லாம் நசுங்கி, பெயின்ட் உதிர்ந்து, ஒருத்தன் கையில ரத்தம். பூட்டு அப்படியே இருக்கு. அசையலை. ஒரு கீறல் இல்ல.

தள்ளுங்கய்யான்னு சொல்லி, சாவியைப் போட்டுத் திறந்தேன். அப்புறம் பார்க்கணுமே நீங்க. லாரி ஜாக்கியை ஒரு பக்கம் வச்சேன், சின்னதை இன்னொரு பக்கம். மண்ணுல அமுங்காம இருக்க அடியில கட்டை. ரம்பத்தைப் பஸ் டிரைவர்கிட்ட கொடுத்துக் கிளையை அறுக்கச் சொன்னேன். கம்பிக் கயித்தை மாட்டி மரம் உருளாம பஸ்ஸுல கட்டினேன். ஜாக்கியை ஏத்த ஏத்த மரம் கிளம்புது சார், பூ மாதிரி. பஸ் ஜனம் அத்தனையும் வாயைப் பொளந்துட்டு நிக்குது. ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். எடுத்துட்டோம். கித்தான்ல படுக்க வச்சுத் தூக்கினோம், கம்பளி போர்த்தினோம், மருந்துப் பெட்டியில இருந்து கட்டுப் போட்டேன். ஒவ்வொரு சாமானும் வேலை செஞ்சது. எதுவும் துரு இல்ல, எதுவும் மக்கர் பண்ணலை.

பெனி என்னைப் பார்த்ததும் என்ன சொன்னான் தெரியுமா? "மாமா, பெட்டியை நான் தொடலை மாமா. அவங்கதான்"ன்னான். சரிடா, அதைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்னேன். அவன் மனசு நிம்மதியா இருக்கட்டும்னுதான் சொன்னேன்.

வெளிய எடுத்ததும் தெம்பாத்தான் இருந்தான். தண்ணி கேட்டான். வண்டியில பின்னாடி படுக்க வச்சு, மேல தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேர் உக்காந்தாங்க. நான் ஏறித் தாண்டின சரிவு மேல் பக்கம், அதனால கீழ நோக்கித்தான் போகணும். தீயணைப்பு வண்டி நின்ன இடத்துல வழியைத் திறந்து விட்டாங்க. அதுக்கு முன்னாடியே பின்னாடி இருந்தவங்க கேபினைத் தட்டினாங்க. நான் நிறுத்தலை. அவங்க தட்டிக்கிட்டே வந்தாங்க. நான் நிறுத்தலை சார்.

டாக்டர் சொல்றாரு, உடம்பு நசுங்கி ரொம்ப நேரம் கிடந்தா அங்க ரத்தம் கெட்டுப் போயிருமாம். மரத்தை எடுத்ததும் அது மேல ஏறி நெஞ்சை நிறுத்திருமாம். சீக்கிரம் எடுத்திருந்தா கால் போயிருக்கும், ஆளு இருந்திருப்பான்னாரு. அப்போ யாரு தப்பு? நேரத்தை வீணாக்கினது யாரு? போன் போட்ட கண்டக்டரு மொதல்லயே போட்டிருக்கலாம்ல? நைலான் கயித்தைக் கட்டி விளையாடினது யாரு? அதைக் கேட்க ஆள் இல்ல. ஊர் முழுக்க என் பெட்டியைப் பத்தித்தான் பேச்சு. அடக்கத்துக்கு வந்தவன் ஒவ்வொருத்தனும் கல்லறைக்குப் போறதுக்கு முன்னாடி என் வண்டியைச் சுத்திப் பார்த்துட்டுப் போறான். நசுங்கின இடத்தைத் தடவிப் பார்க்கிறான். என் மாமியார் அந்த வண்டி இந்த வாசல்ல நிக்கக் கூடாதுன்னு கத்துது. வண்டி என்ன பண்ணுச்சு?

அப்புறம் பிளேட்டைத் தட்டி நேர் பண்ணி பெயின்ட் அடிச்சுட்டேன். பூட்டு அதேதான். அதுக்கு ஒண்ணும் ஆகலையே, எதுக்கு மாத்தணும்?

இதோ பாருங்க, இந்த இடம்தான். வலது பக்கம் மண்ணு செவப்பா தெரியுதுல்ல. மரத்தை அப்பவே அறுத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க.

சௌந்தரி அம்மா வீட்டுல இருக்கா. நாப்பது நாள் காரியம் முடிஞ்சதும் போனவ. நான் போவேன், முட்டைக்கோசு, பீன்ஸ் எதாவது எடுத்துட்டு. வாசல்ல வச்சுட்டு வருவேன். அடுத்த தடவை போனா வச்ச இடத்துலயே வாடிக் கிடக்கும். சண்டை போட்டிருந்தா பரவாயில்ல சார். திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், முடிஞ்சிருக்கும். அவ திட்டலை. ரெஜினா செத்தப்பவும் திட்டலை, இப்பவும் திட்டலை. போற அன்னைக்குத் துணியை எடுத்துப் பையில வச்சா. செவுத்துல மாட்டியிருந்த பிள்ளை படத்தைக் கழட்டித் துடைச்சு, துணிக்கு நடுவுல வச்சா. கதவுகிட்ட போனவ திரும்பி வந்து, ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"போன்ல அவன் குரல் எப்படிங்க இருந்துச்சு?"

எப்பவும் போலத்தான் இருந்துச்சுன்னேன். அவ என் மூஞ்சியையே பார்த்துட்டு நின்னா. நான் சட்டையைத் தேடுற மாதிரி உள்ள போயிட்டேன். திரும்பி வந்தா ஆளு இல்ல.

எப்பவும் போலத்தான் சார் இருந்துச்சு. கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நிறுத்தி நிறுத்திப் பேசினான். பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி. குளிர் சார் அது, மழை. மழையில நின்னுட்டுப் பேசுறவனுக்கு அப்படித்தானே இருக்கும்? நின்னுட்டுப் பேசுறான்னுதானே நான் நினைப்பேன்? நீங்களா இருந்தா என்ன நினைச்சிருப்பீங்க?

சொல்லுங்க சார்.